வாசகர் கேள்வி – பதில்: வீட்டோடு ஒரு நன்றி வழிபாடு

நினைத்தது நல்லபடியாக முடிந்த பிறகு வீட்டிலேயே நன்றி சொல்லி வழிபடுவது எப்படி என்று இம்மாதம் வந்த கடிதங்கள் பல கேட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது, நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். தை மாதம் என் மாமியாருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்து, இப்போது நன்றாகத் தேறிவிட்டார்கள். சித்திரை விடுமுறையில் மகன்கள், மகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஊரில் கூடும்போது சாமிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். ஐயரை அழைத்து ஹோமம் செய்தால்தான் பலன் என்கிறார் என் மைத்துனர். குன்றக்குடியில் ஓர் அபிஷேகம் போதும் என்கிறார் நாத்தனார். எங்கள் கையாலேயே, எளிமையாக வீட்டில் செய்ய இயலாதா? முறையாகச் சொல்லித் தர வேண்டுகிறேன்.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். செட்டிநாட்டு வீடுகளின் முக்கியமான வழிபாடுகள் பலவும் வீட்டுப் பெரியவர் கையால்தான் நடந்துவருகின்றன. பிள்ளையார் நோன்பையே பாருங்கள்: திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், புதுத்துணியிலிருந்து எடுத்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, வெல்லம் கலந்த மாவில் வைத்துச் சுடரேற்றி, வீட்டில் மூத்தவர் கொடுக்க, சிறுபிள்ளைகள் வரை வரிசையாக வந்து, அந்தச் சுடரோடு மாவை வாயில் வாங்கி இழை எடுத்துக்கொள்கிறார்கள். கடலில் புயலில் சிக்கிய வணிகர்கள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு கரை சேர்ந்ததை நினைத்து ஏற்பட்ட நோன்பு இது என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். ஆக, பிழைத்து வந்ததற்கு நன்றி சொல்லும் வழிபாட்டை ஐயர் இல்லாமல் நடத்துவது உங்கள் ஊருக்குப் புதிதன்று. ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் மந்திரம் அறிந்தவர் வேண்டும். உங்கள் மாமியார் கேட்பதோ ஹோமம் இல்லை. நாத்தனார் சொல்லும் அபிஷேகத்தை மறுநாள் காலையில் குன்றக்குடி சென்று செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சலில்லை.

முதலில் சாமியை விட்டுவிட்டு வீட்டைக் கவனியுங்கள். பூர்வீக வீடு பெரும்பாலும் பங்காளிகள் அனைவருக்கும் பொது. உங்கள் புள்ளிக்கு, அதாவது திருமணமான தம்பதியரின் தனிக் குடும்பத்துக்கு, உரியது ஓர் அறையும், முற்றத்தைச் சுற்றிய வளவில் நடமாடும் உரிமையும் மட்டுமாக இருக்கலாம். ஆகவே வளவில் விளக்கேற்றி வழிபடப்போவதைப் பங்காளிகளுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய், சாமி அறையின் சாவி சென்னையில் ஒருவரிடமும் பண்டசாலையின் சாவி வெளிநாட்டில் இன்னொருவரிடமும் இருப்பதை முகப்பில் நின்றபடி கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு. ஓராண்டாகப் பூட்டிக்கிடந்த வீட்டைத் துடைத்துத் துப்புரவாக்க ஒரு முழுநாள் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னதாகவே ஊர் போய்ச் சேருவது நல்லது.

நாள் பார்ப்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமையோ, சதுர்த்தியோ, சஷ்டியோ பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒத்துவந்தால் போதும். வெள்ளிக்கிழமையானால் இராகு காலம் 10.30 முதல் 12 மணி வரை என்பதால், காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் தீபாராதனையை முடித்துவிடுங்கள். தங்கள் மாமியார் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அவர்கள் விரதம் இருக்கக் கூடாது. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்து வழிபடட்டும். சாம்பிராணிப் புகையையும் அன்று அளவோடு போடுங்கள். யாருக்காக வழிபடுகிறோமோ அவரையே இருமவைப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

விடியற்காலையில் பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் நடுவீட்டுக் கோலம் போடுங்கள். மூத்த ஆச்சிமார் போட, அடுத்த தலைமுறைப் பெண்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. கோலத்தின் மேல் ஒரு பலகையும், பலகையின் இருபுறமும் குத்துவிளக்குகளும் வையுங்கள். விளக்கின் அடியில் மறக்காமல் ஒரு தாம்பாளம் வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் இறங்கிவிட்டால் கறை எளிதில் போகாது. பலகையில் குடும்பத்தார் வழிபடும் சாமி படத்தை வைத்துப் பூச்சூட்டுங்கள். படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலையில் மஞ்சள்பொடியை நீர் தெளித்துப் பிசைந்து பிள்ளையார் பிடித்துவைத்து, உச்சியில் அறுகம்புல் செருகி, குங்குமம் வையுங்கள். மாவு தளர்ந்தால் பிள்ளையார் சரிந்துவிடுவார். அதனால் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைய வேண்டும். இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். மூக்கு முழி சரியாக அமையவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாத ஒரே பிள்ளையார் இவர்தான்.

விளக்கை மாமியாரே ஏற்றட்டும். ஏற்றியதும் வீட்டில் சங்கு இருந்தால் ஊதுங்கள். பிறகு பிள்ளையாருக்கு அறுகம்புல்லும் பூவும் இட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு இரண்டோ மூன்றோ சேர்ந்து பாடுங்கள். தேவாரமானாலும் திருப்புகழானாலும் நீங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்ததையே பாடுவது நல்லது, ஏனெனில் கைப்பேசியைப் பார்த்துப் படிக்கும்போது கண் திரையில் நிற்கிறதே தவிரச் சாமியிடம் போவதில்லை.

இனி, நன்றி சொல்லும் இடம். வழிபாட்டின் மையமே இதுதான் என்பதால் இதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வீட்டில் மூத்தவர் கைகூப்பி நின்று, நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த நாளில் நெஞ்சுவலி வந்தது, யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எந்த மருத்துவர் பார்த்தார், யார் இரத்தம் கொடுத்தார்கள், யார் இரவெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையெல்லாம் பெயரோடு சொல்லி, இவர்கள் வடிவில் வந்து காத்தாய் என்று சொல்லி முடிக்கட்டும். அன்றைக்கு வேறு எதையும் கேட்கக் கூடாது என்பது நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே விதி. பேத்தியின் திருமணம், பேரனின் மேற்படிப்பு, விற்காமல் கிடக்கும் மனை ஆகியவற்றை எல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம். நன்றிக்கென்று விளக்கேற்றிவிட்டு அடுத்த கோரிக்கையை நீட்டினால், கடன் வாங்கியவர் வட்டியைக் கொடுக்கும் கையோடு மேற்கொண்டு தொகை கேட்பது போல ஆகிவிடும்.

பிறகு தலைவாழை இலையில் நைவேத்தியம் வைத்து, தேங்காய் உடைத்து, பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து, இலையைச் சுற்றி நீர் விளாவித் தீபாராதனை காட்டுங்கள். சாமி நமக்கு எதிரே அமர்ந்து உண்பதாகக் கொண்டு, இலையின் நுனி சாமிக்கு இடப்பக்கம் வருமாறு போடுவது வழக்கம். தீபாராதனை முடிந்ததும் எல்லோரும் விழுந்து கும்பிட்டு, வயது வரிசையில் பெரியவர்களை வணங்கித் திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கை ஊதி அணைக்காமல், பூவினால் ஒற்றிக் குளிரவையுங்கள். மஞ்சள் பிள்ளையாரை மறுநாள் காலையில் நீரில் கரைத்து, கால்படாத இடத்தில் ஒரு செடியின் வேரில் ஊற்றிவிடலாம்.

கேள்வி: என் மகனுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் குன்றக்குடி முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தேன். வேலை கிடைத்துவிட்டது. எனக்கோ இப்போது மூட்டுவலியால் மலைப்படி ஏற இயலவில்லை. வீட்டில் பெரிதாக ஒரு நன்றி வழிபாடு செய்துவிட்டால் அந்த வேண்டுதல் தீர்ந்துவிடுமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தீராது. வீட்டில் செய்வது நன்றி. கோயிலுக்கு என்று நேர்ந்துகொண்டது நேர்த்திக்கடன். ஒன்றைச் செய்து மற்றதைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் நேர்ந்தவரே தூக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலை கிடைத்த மகன் உங்கள் சார்பில் காவடி எடுக்கட்டும், நீங்கள் அடிவாரத்தில் அமர்ந்திருங்கள். இதில் அவருக்குத்தானே முதல் கடமை! புறப்படுகிற அன்று காலையில் வீட்டில் விளக்கேற்றி, முடிந்துவைத்த காசை மகன் கையில் கொடுத்து, கோயில் உண்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் காசை எடுத்துச் செலவு செய்துவிட்டு வேறு காசு போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முடிந்த முடிச்சோடு போடுவதே வழக்கம்.

கேள்வி: எங்கள் வீட்டு நன்றி வழிபாட்டுக்கு வெளியூர்களிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். நைவேத்தியத்துக்கு என்ன செய்வது? கடையில் வாங்கிய இனிப்பை வைக்கலாமா? எங்கள் அப்பத்தா காலத்துப் பலகாரம் ஏதேனும் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முப்பது பேருக்கும் வேண்டிய சமையலைச் சமையற்காரரிடம் விட்டுவிடுங்கள். சாமிக்கு வைக்கும் ஒரு பலகாரத்தையும் ஒரு பொங்கலையும் மட்டும் வீட்டார் கையால் செய்தால் போதும். கடை இனிப்பை வைப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். எங்கே, எந்த எண்ணெயில், எப்போது செய்தது என்று தெரியாததைச் சாமிக்கு வைக்க மனம் ஒப்பாது, அவ்வளவே. அதற்குப் பதில் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரை கலந்த அவலும் வைத்துவிடலாம்.

அப்பத்தா காலத்துப் பலகாரம் என்றால் வெள்ளைப் பணியாரத்தைச் சொல்வேன். சேர்மானம் குறைவு, எளிதில் முடியும், பிள்ளைகளும் கூட நின்று பார்க்கலாம். ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொண்டு, அதே ஆழாக்கில் அரிசியின் மேல் கோபுரமாக எவ்வளவு உளுத்தம்பருப்பு நிற்குமோ அவ்வளவு வைப்பதுதான் ஆச்சிமார் கணக்கு. இதற்குத் தராசும் வேண்டாம், ஏட்டுக் குறிப்பும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் கொஞ்சம் பாலும் கலந்து, தோசை மாவைக் காட்டிலும் சற்று இளக்கமாகக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்ததும் குழிக்கரண்டியால் ஒரே இடத்தில் மாவை ஊற்ற வேண்டும், ஒருமுறைக்கு ஒன்றுதான். மாவு அடியில் போய் மெல்ல மேலே மிதந்து வந்து, ஓரம் மெல்லிய சரிகைபோல் விரியும்போது ஒருமுறை திருப்பிப் போட்டு, நிறம் மாறும் முன்னே எடுத்துவிடுங்கள். சிவந்துவிட்டால் அதற்கு வெள்ளைப் பணியாரம் என்ற பெயர் ஏது? மாவை முன்கூட்டியே அரைத்து வைத்துப் புளிக்கவிடக் கூடாது. புளித்த மாவு எண்ணெயைக் குடிக்கும். பணியாரத்துக்கு இணையான வரமிளகாய்த் துவையலில் பூண்டு சேர்வதால், அதைப் படையலில் வைக்காமல் பந்தியில் மட்டும் பரிமாறுங்கள்.

இனிப்புக்குக் கவுனி அரிசி செய்யலாம். முதல்நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்தால்தான் அந்தக் கருஞ்சிவப்பு நிறம் முழுதாக நிற்கும். வெந்து குழைந்த பிறகே சீனியைச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அரிசி வேகாமல் விறைத்துக்கொள்ளும். தேங்காய்த்துருவலும் நெய்யும் கலந்து இறக்குங்கள்.

நைவேத்தியம் சமைப்பவர்கள் படைக்கும் வரை ருசி பார்ப்பதில்லை. ஆகையால் அன்றைக்கு முதன்முதலாக ஒரு பலகாரத்தைச் செய்து பார்க்காமல், முந்தைய வாரம் ஒருமுறை செய்து கையளவைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மா நள்ளிரவில் மயங்கி விழுந்தபோது, பக்கத்து வீட்டு இஸ்லாமியக் குடும்பத்தார்தான் தங்கள் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அம்மா நலமான பின் வீட்டில் நடத்தும் வழிபாட்டுக்கு அவர்களை அழைக்க விரும்புகிறேன். எங்கள் ஆயா (பாட்டி), அது முறையாகுமா என்று தயங்குகிறார்கள்.
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: அவர்களை அழைக்காமல் யாரை அழைப்பீர்கள்? உங்கள் வீட்டில் அன்றைக்கு முதல் மரியாதைக்கு உரியவர்கள் அவர்கள்தாம். ஆயாவிடம், காரை ஓட்டி வந்தவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்றால் அந்தக் காரில் அம்மா ஏறியிருக்கலாமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

அழைக்கும் முறையில் மட்டும் கொஞ்சம் நுணுக்கம் வேண்டும். அவர்களுள் சிலர் சாமிக்குப் படைத்த உணவை உண்பதைத் தவிர்ப்பார்கள். மறுக்கவும் முடியாமல் உண்ணவும் முடியாமல் அவர்களைத் தவிக்கவிடுவது விருந்தோம்பல் ஆகாது. எனவே படைப்பதற்கு முன்பே பந்திச் சமையலில் அவர்களுக்கு என ஒரு பகுதியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அதை அவர்களிடம் இயல்பாகச் சொல்லிவிடுங்கள். தீபாராதனை நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், சாப்பாட்டு நேரத்துக்கு அழைப்பதே நல்லது. வந்து நிற்க அவர்களே விரும்பினால் மகிழ்ச்சி. புறப்படும்போது அம்மாவின் கையால் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு துணி வைத்துத் தாம்பாளத்தோடு கொடுக்கச் சொல்லுங்கள். திருநீறும் குங்குமமும் அந்தத் தட்டில் வேண்டாம்.

கேள்வி: ஒருமுறை நன்றி வழிபாடு செய்தால் ஆண்டுதோறும் விடாமல் செய்ய வேண்டுமா? விட்டுவிட்டால் குறை வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: நன்றியை ஒருமுறை சொன்னால் போதும். குறை வருமோ என்ற அச்சத்தில் செய்வதற்குப் பெயர் நன்றி இல்லை. ஆண்டுதோறும் நினைக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் தனி நாள் வைக்காதீர்கள். தைப்பொங்கலன்று பால் பொங்கும்போதோ, பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளும் முன்போ ஒரு நிமிடம் நின்று அதையும் சொல்லிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாள் குறித்த பிறகு பங்காளி வீட்டில் துக்கம் நேர்ந்தால், தீட்டுக் கழியும் வரை வழிபாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் துக்க வீட்டுக்குப் போய் நில்லுங்கள். அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு வழிபாட்டையே கைவிட வேண்டியதில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கற்பூரம் ஏற்றினால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று அச்சமாக உள்ளது. கற்பூரம் இல்லாமல் வழிபடலாமா?
— தேவகோட்டையைச் சேர்ந்த ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: நெய்யில் தோய்த்த ஒற்றைத் திரியைக் கைவிளக்கில் ஏற்றித் தீபாராதனை காட்டுங்கள், புகை மிகக் குறைவு. நெய்த்தீபம் கற்பூரத்துக்குக் குறைந்ததும் அன்று. கற்பூர ஆரத்தியைக் கண்ணால் கண்டால்தான் நிறைவு என்றால், அன்று மாலையே 1859இல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எழுப்பிய டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள். ஊரில் இருப்பவர்களை அந்த நேரத்தில் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். நல்லதுதான், ஆனால் கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்திவிடுங்கள், விளக்கேற்றும் கையில் அது வேண்டாம்.

கேள்வி: சென்ற மாதம் எங்கள் வீட்டு வழிபாட்டில் உடைத்த தேங்காய் அழுகியிருந்தது. அன்றிலிருந்து மனம் சரியில்லை. பரிகாரம் ஏதும் உண்டா?
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்: தேங்காய் அழுகுவது நாட்பட்டதாலோ, கண் வழியே ஈரம் இறங்கியதாலோ. அதற்கும் உங்கள் குடும்பத்துக்கும் தொடர்பில்லை, பரிகாரமும் வேண்டாம். அடுத்தமுறை வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர் தளும்பும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். குடுமியை லேசாக விலக்கிக் கண்களைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ பூசணமோ இருந்தால் அந்தக் காய் வேண்டாம். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். முதல் காய் கெட்டிருந்தால் அதை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இரண்டாவதை உடையுங்கள்.